அமெரிக்கா எந்தப் போரில் வென்றது, எதில் தோற்றது? குன்னூர் பட்டிமன்றத்துக்கு ஒரு பதில்

கேள்வி இது. குன்னூரில் வாசகர் வட்டம் நடத்தும் பட்டிமன்றத்துக்கு “1945க்குப் பிறகு அமெரிக்கா ஒரு போரிலும் வெல்லவில்லை” என்று தலைப்பு வைத்திருக்கிறார்கள். கேட்டவர் ஆமென்று பேசும் அணி. எதிரணியில் வெலிங்டன் பேரக்ஸ் (ராணுவக் குடியிருப்பு) பக்கத்து ஓய்வுபெற்ற ராணுவத்தார் இரண்டு பேர். “அடித்துச் சொல்ல ஒரு பட்டியல் கொடுங்கள்” என்கிறார்.

பட்டியல் தருகிறேன். ஆனால் தலைப்பை இப்படியே வைத்துக்கொண்டு மேடை ஏறினால் முதல் இரண்டு நிமிடத்திலேயே உங்கள் அணி கவிழ்ந்துவிடும். “1991 குவைத்?” என்று ஒரே ஒரு கேள்வி போதும். முடிந்தால் தலைப்பை மாற்றச் சொல்லுங்கள். எப்படி மாற்றுவது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வெற்றி தோல்வியை அளக்க முதலில் படி ஒன்று வேண்டும். மழைநாளில் கொட்டகையில் நிறுக்கும் பசுந்தேயிலைக்கு ஒரு எடை, ஈரம் கழித்துக் கணக்கில் ஏறும்போது வேறொரு எடை, காசு கைக்கு வரும்போது விலையே வேறு. போரும் அப்படித்தான். மூன்று விஷயங்களைத் தாளில் எழுதிக்கொள்ளாமல் எந்தப் போரைப் பற்றியும் வாய் திறக்காதீர்கள். போர் தொடங்கிய அன்று என்ன வேண்டும் என்று சொன்னார்கள்? முடிந்த அன்று யார் யார் எதில் கையெழுத்துப் போட்டார்கள்? கணக்கை எந்தத் தேதியில் மூடுகிறோம்? செத்தவர் எண்ணிக்கை, பிடித்த ஊர்கள், வீசிய குண்டுகள் எல்லாம் இதற்கு அப்புறம்தான். நடைமுறையில் பட்டிமன்றங்கள் தலைகீழாகப் பிணக்கணக்கில் தொடங்கி, அங்கேயே முடிந்தும் போகின்றன.

இந்தப் படியை முதலில் நம் காலடி மண்ணிலேயே வைத்துப் பார்க்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் மைசூருக்கும் நான்கு போர்கள் நடந்தன. முதலாவதில் ஹைதர் அலி சென்னைப் பட்டணத்தின் வாசலுக்கே வந்து நின்றுதான் 1769இல் உடன்படிக்கை எழுதவைத்தார். பிடித்ததைத் திருப்பிக் கொடுப்பது, ஒருவருக்கு ஆபத்து என்றால் மற்றவர் உதவுவது என்பது பேச்சு. மராட்டியர் மைசூர் மேல் பாய்ந்தபோது கம்பெனி கையைக் கட்டிக்கொண்டு நின்றது. இரண்டாவது போர் 1784 மங்களூர் உடன்படிக்கையில் முடிந்தது. இங்கேயும் பிடித்ததை அவரவர் திருப்பிக் கொடுத்தார்கள். இடையில் 1780இல் பொள்ளிலூரில் கம்பெனிப் படை ஒன்று அடியோடு அழிந்திருந்தது. ஆக முதல் இரண்டிலும் கம்பெனிக்கு வெற்றி இல்லை. மூன்றாவதில் படையை நடத்தியவர் கார்ன்வாலிஸ். அமெரிக்க விடுதலைப் போரில், 1781 அக்டோபரில் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த அதே கார்ன்வாலிஸ்தான். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பாதி மைசூரையும் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயையும் கேட்டு, திப்புவின் இரண்டு பிள்ளைகளைப் பிணையாக எடுத்துக்கொண்டு போனார். திண்டுக்கல்லும் அதோடு பழனிச் சீமையும் கம்பெனி கைக்குப் போனது இந்தக் காகிதத்தில்தான். நீலகிரி போனது நான்காவதில், 1799 மே 4இல் திப்பு விழுந்த பிறகு, கோயம்புத்தூர்ச் சீமையோடு சேர்ந்து. அந்த முற்றுகையில் இருந்த ஆர்தர் வெல்லஸ்லிதான் பின்னால் வெலிங்டன் பிரபு ஆனவர். குன்னூர் பக்கத்தில் ஜக்கதளா என்றிருந்த இடத்துக்கு வெலிங்டன் என்று அந்தப் பெயரை வைத்தது 1860இல்.

கணக்கை 1784இல் மூடினால் கம்பெனி தோற்றது. 1799இல் மூடினால் திப்புவின் மைசூரே இல்லை. தேதியைச் சொல்லாமல் “ஆங்கிலேயன் ஜெயித்தானா தோற்றானா” என்று கேட்டால் இரண்டு அணியும் சரியாகத்தான் பேசும்.

இன்னொன்று ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தியில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் அங்கே குடியேறிய டச்சு வழியினரான போயர்களோடு பிரிட்டன் நடத்திய போயர் போரில் (1899–1902) பிடிபட்டவர்களை அடைத்த இந்திய முகாம்களில் கேத்தியும் ஒன்று. ராணுவக் கணக்கில் பிரிட்டனுக்கு முழு வெற்றி. 1902 மே 31இல் போயர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் அதே காகிதத்தில் போயர் நாட்டைச் சீர்செய்ய 30 லட்சம் பவுன் தருவதாகப் பிரிட்டனே ஒப்புக்கொண்டது. சரியாக எட்டு வருடம் கழித்து, 1910 மே 31இல், ஒன்றுபட்ட தென்னாப்பிரிக்காவின் முதல் பிரதமராக உட்கார்ந்தவர் லூயிஸ் போத்தா. எதிர்த்துச் சண்டை போட்ட போயர் ஜெனரல்! ஜெயித்தவன் கொடி பறந்தது, நாட்டை ஆண்டது தோற்றவன். அந்த மண்ணின் கறுப்பின மக்களுக்கு இரண்டு கையெழுத்திலும் இடமில்லை என்பது தனிக்கதை.

இனி அமெரிக்கா. 1945க்கு முந்தியதை வேகமாகக் கடந்துவிடலாம். அமெரிக்க நாடாளுமன்றம் முறைப்படி போர் அறிவித்தது ஐந்து போர்களில் மட்டும்: 1812இல் பிரிட்டன், 1846இல் மெக்சிகோ, 1898இல் ஸ்பெயின், பிறகு இரண்டு உலகப் போர்கள். கடைசி அறிவிப்பு 1942 ஜூனில், ருமேனியா, ஹங்கேரி, பல்கேரியா மேல். அதற்குப் பிறகு நடந்த எதுவும் சட்டப்படி “அறிவித்த போர்” அல்ல. எதிரணி இதைத் தூக்கிப் போட்டால் மயங்காதீர்கள். அறிவிக்கவில்லை என்பதால் கொரியாவில் செத்த சுமார் 36,500 பேர் எழுந்து வரப்போவதில்லை.

1812ஐ அமெரிக்கப் பள்ளிகளில் பாதி வெற்றியாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். படியை வைத்துப் பாருங்கள். அமெரிக்க மாலுமிகளைப் பிரிட்டிஷ் கப்பற்படை பிடித்துக்கொண்டு போவதை நிறுத்துவது பெரிய நோக்கம். 1814 டிசம்பர் 24இல் கென்ட் நகரில் எழுதிய உடன்படிக்கையில் அந்த விஷயமே இல்லை. போருக்கு முன் இருந்தபடி எல்லை என்று முடித்தார்கள். நியூ ஆர்லியன்ஸில் பேர் வாங்கித் தந்த சண்டை 1815 ஜனவரி 8இல், கையெழுத்தான பிறகு. கப்பலில் சேதி வந்து சேரவில்லை. அது சமன், வெற்றி அல்ல. மெக்சிகோவும் ஸ்பெயினும் சந்தேகமில்லாத வெற்றிகள்; மெக்சிகோவிடம் பாதிக்கு மேல் நிலத்தைப் பறித்துவிட்டு 1.5 கோடி டாலர் கொடுத்தார்கள்.

யாரும் பேசாத ஒரு தோல்வியை உங்கள் கைச்சரக்காக வைத்துக்கொள்ளுங்கள். 1866 முதல் 1868 வரை அமெரிக்கப் பழங்குடியான லக்கோட்டாக்களின் தலைவர் ரெட் கிளவுடோடு நடந்த போர். அவர்கள் நிலத்தின் வழியே போன போஸ்மன் பாதையில் கட்டிய கோட்டைகளைக் காலி செய்வதாக 1868இல் லாரமி கோட்டையில் அமெரிக்கா எழுதிக்கொடுத்தது; காலியும் செய்தது. படை திரும்பிப் போனதும் லக்கோட்டாக்கள் கோட்டைகளைக் கொளுத்தினார்கள். நோக்கம் போச்சு, காகிதம் எதிராளிக்குச் சாதகம்: சுத்தமான தோல்வி. ஆனால் லக்கோட்டாக்களின் பிளாக் ஹில்ஸ் மலைகளில் தங்கம் கிடைத்ததும், 1877இல் அந்த மலைகளையே பிடுங்கிக்கொண்டார்கள். பத்து வருடத்துக்குள் கணக்கு புரண்டுவிட்டது. மலைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1945க்குப் பிறகு வருவோம். கொரியாவில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் உங்கள் விவாதமே இங்கேதான் முடிவாகும்.

1950 ஜூன் 25இல் வட கொரியா இறங்கி வந்தது. ஜூன் 27இல் ஐநா பாதுகாப்புக் குழு போட்ட 83ஆம் தீர்மானத்தின் சாரம்: தாக்குதலை விரட்டி, அந்தப் பகுதியில் அமைதியைத் திரும்பக் கொண்டுவர உதவுங்கள். அதாவது, வந்தவனைத் துரத்து. செப்டம்பர் 15இல் ஐநா படைத் தளபதி மெக்கார்தர் இன்சானில் படையை இறக்கியதும், இரண்டு வாரத்தில் வேலை ஏறக்குறைய முடிந்தது. அங்கே நிறுத்தியிருந்தால் அதற்குப் பெயர் முழு வெற்றி. நிறுத்தவில்லை. அக்டோபர் 7இல் ஐநா பொதுச்சபை “ஒன்றுபட்ட, சுதந்திர, ஜனநாயகக் கொரியா” என்று நோக்கத்தையே நீட்டியது. படை இரண்டு கொரியாக்களையும் பிரித்த 38ஆம் அட்சரேகையைத் தாண்டி, சீன எல்லையான யாலு ஆற்றை நோக்கிப் போனது. சீனா உள்ளே வந்தது. 1951 ஜனவரி 4இல் தென் கொரியத் தலைநகர் சியோல் மறுபடி கைமாறியது, மார்ச்சில் திரும்பக் கிடைத்தது. ஜூலையில் தொடங்கிய பேச்சு இரண்டு வருடம் இழுத்தது. பெரிய முட்டுக்கட்டை, ஊர் திரும்ப மறுத்த கைதிகளை என்ன செய்வது என்பது. (அந்தச் சிக்கலை அவிழ்க்க அமைத்த நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்குத் தலைவர் நம் ஜெனரல் திம்மையா. எதிரணிக்காரர்களுக்கு இது தெரிந்திருக்கும்; நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.) 1953 ஜூலை 27இல் போர்நிறுத்தம் கையெழுத்தானது. தென் கொரியா அதில் கையெழுத்துப் போடவில்லை. சமாதான உடன்படிக்கை இன்றுவரை இல்லை.

இதை “சமன்” என்று சொல்லிவிட்டுப் போவது சோம்பேறித்தனம். இங்கே இரண்டு நோக்கங்கள், இரண்டு கணக்குகள். ஜூன் 27 நோக்கத்தில் அமெரிக்கா வென்றது; தென் கொரியா இருக்கிறது. அக்டோபர் 7 நோக்கத்தில் தோற்றது. வட கொரியாவும் இருக்கிறது. இரண்டாவது நோக்கத்தைப் போருக்கு நடுவில், கை ஓங்கியிருந்த நேரத்தில் சேர்த்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

வியட்நாமில் எதிரணி எடுக்கும் ஆயுதம் எனக்குத் தெரியும். “பெரிய சண்டை ஒன்றில்கூட அமெரிக்கா தோற்கவில்லை, 1968 டெட் தாக்குதலில் தெற்கின் கம்யூனிஸ்ட் கெரில்லாப் படையான வியட்காங்குக்குத்தான் பலத்த அடி, 1973இல் அமெரிக்கா போனது, தென் வியட்நாம் தலைநகர் சைகோன் விழுந்தது 1975இல், அப்போது அங்கே அமெரிக்கப் படையே இல்லை” என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். மறுக்கப் போகாதீர்கள், ஒப்புக்கொண்டு தாளை எடுங்கள். 1964 மார்ச்சில் அமெரிக்க அரசு தன் தேசியப் பாதுகாப்பு ஆவணம் 288இல் வைத்த நோக்கம், கம்யூனிஸ்ட் அல்லாத சுதந்திரத் தென் வியட்நாம். 1973 ஜனவரி 27 பாரிஸ் உடன்படிக்கை அமெரிக்கப் படை வெளியேறத் தேதி போட்டது. தெற்கே இறங்கியிருந்த வட வியட்நாம் படைகள் திரும்பிப் போக வேண்டும் என்று அதில் ஒரு வரி கிடையாது. நின்ற இடத்திலேயே போர்நிறுத்தம். வீட்டுக்குள் வந்தவனை உள்ளேயே விட்டுவிட்டுக் காவல்காரன் கிளம்பிப் போகிற ஒப்பந்தம் அது. மீறினால் திரும்ப வந்து அடிப்போம் என்று அமெரிக்க அதிபர் நிக்சன் சைகோனுக்குத் தனியாகக் கொடுத்திருந்த வாக்கையும், 1973 ஆகஸ்ட் 15க்குப் பிறகு அங்கே சண்டைக்குப் பணம் கிடையாது என்று நாடாளுமன்றம் வெட்டிவிட்டது. 1975 ஏப்ரல் 30இல் நடந்தது இந்தக் காகிதத்தின் விளைவு. 58,000க்கு மேல் அமெரிக்கர் செத்ததும் அந்த நோக்கத்துக்காகத்தான். சைகோன் விழுவதற்குச் சில நாள் முன்பு வட வியட்நாம் தலைநகர் ஹனோயில் ஓர் அமெரிக்கக் கர்னல், “போர்க்களத்தில் எங்களை நீங்கள் தோற்கடித்ததே இல்லை” என்றதற்கு வட வியட்நாம் கர்னல், “இருக்கலாம், ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை” என்றாராம். இதை நீங்கள் சொன்னால் கைத்தட்டல் நிச்சயம்.

இப்போது உங்கள் தலைப்பைக் கவிழ்க்கும் போர். 1990 ஆகஸ்ட் 2இல் ஈராக் குவைத்தைப் பிடித்தது. ஐநாவின் 678ஆம் தீர்மானம் கேட்டது: குவைத்திலிருந்து ஈராக் வெளியேற வேண்டும். 1991 ஜனவரி 17இல் வான்தாக்குதல், பிப்ரவரி 24இல் தரைப்படை, 100 மணி நேரத்தில் முடிந்தது. பாக்தாத்துக்குப் போகவில்லை. சொன்னது நடந்தது, சொன்ன இடத்தில் நின்றது. சண்டையில் செத்த அமெரிக்கர் 150க்கும் குறைவு. இதை வெற்றி இல்லை என்று எந்தப் படியை வைத்தும் சொல்ல முடியாது.

ஆனால் ஒரு சிறு ஓட்டை உண்டு, அதை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மார்ச் 3இல் குவைத் எல்லையோர ஈராக் ஊரான சஃப்வானில் கூடாரம் போட்டுப் போர்நிறுத்த விதிகளைப் பேசினார்கள். பாலங்கள் உடைந்துவிட்டன, அதிகாரிகள் போய்வர ஹெலிகாப்டர் ஓட்டலாமா என்று ஈராக் ஜெனரல் கேட்டார். அமெரிக்கத் தளபதி ஸ்வார்ஸ்காப் சரியென்றார். ஆயுதம் பூட்டியதுமா என்று மறுபடி கேட்டபோது அதற்கும் சரியென்றார். அதே வாரங்களில் தெற்கே கிளர்ந்தெழுந்த ஷியா மக்களை நசுக்க அந்த ஹெலிகாப்டர்களே போயின. பிறகு வடக்கிலும் தெற்கிலும் பறக்கத் தடைப் பகுதி போட்டு, 2003 வரை அமெரிக்க விமானங்கள் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. தரைப்போரை நான்கு நாளில் ஜெயித்தவர்கள், பேச்சு மேஜையில் யோசிக்காமல் சொன்ன ஒரு “சரி”யால் பன்னிரண்டு வருடம் காவல் காத்தார்கள்.

சின்னவற்றைச் சேர்த்தே சொல்லிவிடலாம். 1983 கிரெனடா, 1989 பனாமா: வெற்றி. பனாமாவின் சர்வாதிகாரி நோரியேகா 1990 ஜனவரி 3இல் சரணடைந்தார், கதை முடிந்தது. 1999 கொசோவோ: நேட்டோவோடு சேர்ந்து 78 நாள் வான்தாக்குதல், யுகோஸ்லாவியப் படை வெளியேறியது, வெற்றிதான். லெபனானில் 1983 அக்டோபர் 23இல் பெய்ரூட் முகாமில் ஒரே லாரிக் குண்டில் 241 அமெரிக்க வீரர்கள் செத்தார்கள், நான்கு மாதத்தில் மூட்டை கட்டினார்கள், தோல்வி. சோமாலியா 1993–94 அதே வகை: சோறு போடப் போன வேலை, ஒரு தளபதியைப் பிடிக்கும் வேட்டையாக மாறியதும் கெட்டது.

2003 ஈராக்கில் நோக்கத்தை எழுதும்போதே பேனா தடுமாறும். பேரழிவு ஆயுதங்களை ஒழிப்பது என்றார்கள், ஆயுதமே இல்லை. சதாமை இறக்குவது என்றார்கள்; ஏப்ரல் 9இல் பாக்தாத் விழுந்தது, அது நடந்தது. மே 1இல் விமானந்தாங்கிக் கப்பலில் “பணி முடிந்தது” என்று பதாகை கட்டினார்கள். அதே மாதம் 16ஆம் தேதி அமெரிக்க நிர்வாகத்தின் உத்தரவு எண் 1 சதாமின் பாத் கட்சிக்காரர்களை வேலையிலிருந்து நீக்கியது. 23ஆம் தேதி உத்தரவு எண் 2 ஈராக் ராணுவத்தையே கலைத்தது. துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த லட்சக்கணக்கானவர்களைச் சம்பளமும் மரியாதையும் இல்லாமல் தெருவில் விட்டால் என்ன ஆகும் என்று எந்த ஹவில்தாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். 2011 டிசம்பரில் படை வெளியேறியது. 2014 ஜூனில் ஐஎஸ் என்ற தீவிரவாத அமைப்பு மோசூல் நகரைப் பிடித்தது, அமெரிக்கா திரும்பிப் போனது. அரசைக் கவிழ்ப்பதில் வெற்றி, மற்றதில் தோல்வி என்று எழுதுவேன். இரண்டையும் ஒரே பெட்டியில் போட வேண்டாம்.

ஆப்கானிஸ்தானும் இரட்டைக் கணக்கு, முடிவு மட்டும் தெளிவானது. 2001 செப்டம்பர் 14இல் நாடாளுமன்றம் அனுமதித்தது செப்டம்பர் 11 தாக்குதலைச் செய்தவர்கள், அவர்களுக்கு இடம் கொடுத்தவர்கள் மேல் படை நடத்த. நவம்பர் 13இல் காபூல் விழுந்தது. அல்கொய்தா கூடாரங்கள் ஒழிந்தன. பின்லாடன் 2011 மே 2இல் பாகிஸ்தானில் கொல்லப்பட்டார். அதுவரை ஒரு கணக்கு. 2001 டிசம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் புது அரசு அமைக்கக் கூடியபோது தாலிபானை அழைக்கவில்லை. தோற்றுக் கிடந்தவனிடம் அன்று மலிவாகக் கிடைத்திருக்கும் கையெழுத்தைப் பதினெட்டு வருடம் கழித்து, 2020 பிப்ரவரி 29இல், தோஹாவில் பெரிய விலை கொடுத்து வாங்கினார்கள். ஆப்கான் அரசு அந்த ஒப்பந்தத்தில் தரப்பே அல்ல. ஆனாலும் அந்த அரசு 5,000 தாலிபான் கைதிகள் வரை விட வேண்டும் என்று அதில் இருந்தது. பதினான்கு மாதத்தில் வெளியேற்றம். பாரிஸ் தாளையும் தோஹா தாளையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்: போகும் தேதி துல்லியமாக இருக்கிறது, காப்பாற்றப் போன அரசுக்கு என்ன ஆகும் என்பதில் வார்த்தைகள் வழுக்குகின்றன. 2021 ஆகஸ்ட் 15இல் காபூல் தாலிபான் கைக்குப் போனது. ஆகஸ்ட் 30இல் கடைசி அமெரிக்க வீரர் விமானம் ஏறினார்.

எனவே தலைப்பை இப்படி மாற்றக் கேளுங்கள்: “1945க்குப் பிறகு அமெரிக்கா தோற்றதற்குக் காரணம் எதிரியின் பலமா, நோக்கம் வீங்கியதா?” நீங்கள் நோக்கம் பக்கம் பேசுங்கள். கொரியாவில் அக்டோபர் 7, சோமாலியாவில் தளபதி வேட்டை, ஆப்கானிஸ்தானில் பான் மாநாட்டுக்குப் பிறகு எழுந்த நாடு கட்டும் வேலை. வீங்கிய இடத்தை ஒவ்வொன்றிலும் தேதியோடு காட்டலாம். வியட்நாமை இதில் திணிக்காதீர்கள். அங்கே நோக்கம் தொடக்கத்திலிருந்தே பெரியது, வீங்கவில்லை. எதிரணிக்கு உள்ள ஒரே பலமான சாட்சி அதுதான், மறைத்தால் பிடித்துக்கொள்வார்கள். மாற்றச் சம்மதிக்காவிட்டால், 1991ஐ நீங்களே முதலில் ஒப்புக்கொண்டு “அது விதிவிலக்கு, ஏன் விதிவிலக்கு என்று பார்ப்போம்” என்று தொடங்குங்கள்.

மேடைக்கு 83ஆம் தீர்மானம், பாரிஸ் உடன்படிக்கை, தோஹா ஒப்பந்தம் மூன்றையும் அச்செடுத்துக்கொண்டு போங்கள். மொத்தமே சில பக்கங்கள்தான்; படிக்க வேண்டிய வரியில் கோடு போட்டு வையுங்கள்.

ஓய்வுபெற்றவர்கள் கடைசியில் கட்டாயம் 1971 பாகிஸ்தான் போருக்கு வருவார்கள். வரட்டும், அது உங்களுக்குத்தான் உதவும். டிசம்பர் 3இல் தொடங்கி 16இல் டாக்காவில் பாகிஸ்தான் தளபதி நியாசி சரணாகதிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். சுமார் 93,000 பேர் கைதானார்கள். மேற்கில் படை நகர்ந்துகொண்டிருந்தபோதே மறுநாள் 17ஆம் தேதி இந்தியா தானாகவே போரை நிறுத்திக்கொண்டது. கிழக்கில் கிடைத்த வேகத்தில் மேற்கில் நோக்கத்தைப் பெரிதாக்கவில்லை. அதே மாதம் எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பலை வங்கக் கடலுக்கு அனுப்பிய அமெரிக்காவால் டாக்காவைக் காப்பாற்ற முடியவில்லை. ஒரு குண்டும் வெடிக்காததால் நான் அதைப் போர்க் கணக்கில் சேர்க்கவில்லை. அன்று தரைப்படைத் தளபதியாக இருந்த மானெக்‌ஷா பின்னால் குன்னூரில் குடியிருந்து 2008இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். அடக்கம் ஊட்டி பார்சிக் கல்லறையில். எதிரணியில் அவரைப் பார்த்துப் பேசியவர் ஒருவராவது இருப்பார், அவரைப் பேசவிடுங்கள்.